இடக்கையின் வழக்கு

பௌதிகப் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பர். கேள்வித்தாளை வாசித்த மாணாக்கர் சிலர் திடீரென ஒரு கையை உயர்த்தி, விரல்களை நீட்டியும் மடக்கியும், மணிக்கட்டை வளைத்தும், அரங்கேற்றத்துக்கு ஒத்திகை பார்ப்பவர்போல அபிநயிப்பர். இரண்டு காவிகளின் குறுக்குப் பெருக்கம் எத்திசையை நோக்கும் என வலக்கை விதியிடம் விசாரிக்கிறார்கள், வேறொன்றுமில்லை. முதற்காவியிலிருந்து இரண்டாவதை நோக்கி வலக்கை விரல்களை மடக்கினால், நிமிர்ந்து நிற்கும் பெருவிரல் விடை சொல்லும்.

நானும் ஒருகாலத்தில் அவ்வாறு அபிநயித்தவனே. ஆனால் என் விடைகள் யாவும் தலைகீழாக வந்தன. நான் பிறவியில் இடக்கைக்காரன். எழுதத் தொடங்கிய நாளில் ஆசிரியரொருவர் பிரம்பின் துணையோடு எழுதுகோலை என் வலக்கைக்கு மாற்றினார். எழுதுகோல் மாறியது, பழக்கம் மாறவில்லை. வலக்கை எழுதிக்கொண்டிருக்க, விதியைக் கேட்க இடக்கைதான் எழுந்தது. புள்ளிகள் போயின, வகுப்பின் சிரிப்பு மாத்திரம் மிஞ்சியது.

அந்தக் கோபத்தில் வலக்கைக்கு மாற்றுத் தேடினேன். பெரியோர் பலர் எனக்கு முன்னரே தேடியிருந்தனர். கம்பியில் ஓடும் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை 1820இல் கோப்பன்கேகனில் ஏர்ஸ்டெட் கண்டறிந்தார். ஊசி எப்பக்கம் திரும்பும்? பிரெஞ்சு அறிஞர் அம்பியரின் பெயரால் வழங்கும் விதி, கம்பி வழியே ஒரு மனிதனையே நீந்தவிடுகிறது. மின்னோட்டத்தின் திசையில், ஊசியை நோக்கிய முகத்தோடு அவன் நீந்தினால், வடமுனை அவனது இடக்கைப் பக்கம் விலகும். நீச்சல் அறியாத மாணாக்கன் கதி யாதோ!

மாக்சுவெல்லின் பெயரால் வழங்கும் விதியோ, போத்தலின் தக்கையைக் கழற்றும் திருகைத் துணைக்கழைக்கிறது. 1871இல் இலண்டன் கணிதச் சங்கத்தில் எத்திருகை ஏற்பது என்ற பேச்சு எழுந்தது. சங்கம் வலத்திருகையே ஏற்றது. வலத்திருகுக்குத் திராட்சைக் கொடியும் இடத்திருகுக்கு ஹொப்புக் கொடியும் உவமைகளாயின. முன்னதில் வைன் பிறக்கிறது. பின்னது பியருக்குக் கசப்பூட்டுகிறது. ஆக, அறிஞர்கள் வைனுக்கே வாக்களித்தனர் எனலாம்.

என் பங்குக்குக் கையே வேண்டாத விதியொன்று தருகிறேன். கிழக்கிலிருந்து வடக்கே திரும்பினால் விடை வானம். வடக்கிலிருந்து கிழக்கே திரும்பினால் விடை பாதாளம். ஐயமுள்ளோர் போத்தல் மூடியைத் திருகிப் பார்க்கலாம்.

வேடிக்கை நிற்க. உலகத்தார் யாவரும் நாளை இடக்கைக்கு மாறினால் என்ன நிகழும்? காந்தப் புலத்தின் அம்புக்குறி எதிர்ப்புறம் நோக்கும். ஆனால் அப்புலத்திலிருந்து விசையைக் காண மீண்டும் இடக்கையையே மடக்குவோம். இரு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, மின்மோட்டர் முன்போலவே சுழலும். இலங்கையில் வீதியின் இடப்பக்கமும் பிரான்சில் வலப்பக்கமும் வாகனங்கள் செல்வது போன்றதே இது. எல்லோரும் ஒரே பக்கம் சென்றாற் போதும். என் குற்றம் தனியே சென்றமைதான்.

இயற்கையோ இரு கைகளையும் சமமாகவே நடத்தும் என்று அறிஞர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1957 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஒரு பரிசோதனை அந்நம்பிக்கையைக் குலைத்தது. சீனாவிற் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த வூ அம்மையாரும் அவர்தம் கூட்டாளிகளும் கடுங்குளிரில் கோபால்ட்டு-60 அணுக்கருக்களை ஒரே திசையில் சுழல வைத்தனர். சுழற்சிக்கிசைய வலக்கை விரல்களை மடக்கினால், பெருவிரலுக்கு எதிர்த்திசையிலேயே இலத்திரன்கள் மிகுதியாக வெளிப்பட்டன. இடக்கையை மடக்கியிருந்தாலோ, பெருவிரல் அவற்றின் வழியையே காட்டியிருக்கும்! இதை வாசித்த இரவு, என் இடக்கையைச் சற்று மரியாதையுடன் நோக்கினேன்.

ஆசிரிய அன்பர்களே, இனி உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இடக்கையை மடக்கி விடை சொன்னால் நகையாதீர்கள். வலக்கை விதி மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்பதை முதலிற் சொல்லிக்கொடுங்கள். உடன்பாட்டை உணர்ந்த பிள்ளை அதைத் தானே பேணும்; பிரம்புக்கு அங்கு வேலை இராது.