ஐந்நூறு கிலோமீட்டருக்கு எழுபது நிமிடம் ஏன்?

2012 மே 11. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரிலிருந்து கிளம்பி, ஜெர்மனியின் கொலோன்-பான் விமான நிலையத்துக்குப் பிற்பகல் 2.40 மணிக்கு வந்துசேர வேண்டிய ஜெர்மன்விங்ஸ் விமானம், மாலை 5.38-க்குத்தான் தரையைத் தொட்டது. தாமதம் 2 மணி 58 நிமிடம். ஊர்ந்து வந்து நிறுத்துமிடத்தில் நின்றபோது மணி 5.43. இப்போது தாமதம் 3 மணி 3 நிமிடம். கதவு அதன் பிறகே திறந்தது.

அந்த ஐந்து நிமிடம், பயணி ஒருவர் தொடுத்த வழக்கை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை கொண்டுபோனது. ஒன்றியத்தின் விதிமுறைப்படி, 1,500 கி.மீ.க்கு உட்பட்ட பயணத்தில் விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, அதற்கு அசாதாரணக் காரணம் எதுவும் இல்லாவிட்டால், பயணிக்கு 250 யூரோ இழப்பீடு உண்டு. சக்கரம் தரையைத் தொட்ட நொடியே வந்துசேர்ந்த நேரம் என்றது நிறுவனம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பயணிகள் இறங்குவதற்கு ஒரு கதவாவது திறக்கும் நேரமே கணக்கு என்று 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

தொலைவுக்கும் அதே விதிமுறை ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது: பெருவட்டத் தொலைவு. உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை அது. சால்ஸ்பர்க்குக்கும் கொலோனுக்கும் இடையே அது சுமார் 545 கி.மீ.

ஏர்பஸ் ஏ320 வகை விமானம் உச்சியில் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படிப் பார்த்தால் 40 நிமிடம் போதும். கால அட்டவணையிலோ 1 மணி 10 நிமிடம்!

மீதி அரை மணி எங்கே போகிறது? நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்தே அட்டவணையின் நேரம் ஓடுகிறது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில், 2003-இல் திறக்கப்பட்ட போல்டர்பான் ஓடுபாதைக்கும் முனையத்துக்கும் இடையே ஊர்ந்து செல்லவே கால் மணி நேரம் ஆகலாம். மேலே ஏறிய பிறகும் முழு வேகம் உடனே கிடைக்காது. 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். இறங்கும்போதும் நெரிசல் உண்டு. லண்டன் ஹீத்ரோவை நெருங்கும் விமானங்கள், நான்கு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமிட்டு முறைக்காகக் காத்திருப்பது வழக்கம்.

குறுகிய பயணங்களில் இந்த நிமிடங்கள்தான் கணக்கைப் புரட்டுகின்றன. நீண்ட பயணங்களில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. ஐரோப்பாவின் வானில் பத்து கி.மீ. உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. லிஸ்பனுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே சுமார் 3,360 கி.மீ. மணிக்கு 100 கி.மீ. காற்று முதுகில் தள்ளினால் விமானம் தரைக்கணக்கில் 930 கி.மீ. வேகத்தில் போகும், அதே காற்று எதிரே வந்தால் 730 தான். போகும்போதும் திரும்பும்போதும் ஆகும் நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வித்தியாசம்.

கடிகாரமும் இங்கே குழப்பும். ஹெல்சிங்கி, லிஸ்பனைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், ஹெல்சிங்கியில் மாலை 4.15. திரும்பும் விமானமும் 10 மணிக்கே கிளம்பி ஐந்து மணி நேரம் பறந்தால், லிஸ்பனில் பிற்பகல் 1 மணி. டிக்கெட்டில் அச்சாகியிருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். பயண நேரம் தெரிய இந்த இரண்டு மணியைப் போகும்போது கழிக்க வேண்டும், திரும்பும்போது கூட்ட வேண்டும்.