காரிலுள்ள வானொலிப்பெட்டியை மாற்றுதல்

இலங்கையின் வீதிகளிலே ஓடுங் கார்களுட் பல, யப்பானிய மக்களுக்கென யப்பானிலே செய்யப்பெற்று, அங்கே சில காலம் பயன்பட்டபின் கப்பலேறி வந்தவை. அவற்றின் இயந்திரம் நாட்டு வேற்றுமை அறியாது. வலப்பக்கத்துச் சுக்கானும் நமக்குப் பொருந்தியதே. முகப்பிலே பதித்த வானொலிப்பெட்டி மட்டும் தன் பிறந்தநாட்டை மறப்பதில்லை. அதன் திரையில் யப்பானிய எழுத்துக்கள் தோன்றும். வழிகாட்டும் படம் யப்பானிய வீதிகளை விட்டு அகலாது. நம் நாட்டு நிலையங்களுள் மிகச் சிலவே அதிற் கேட்கும். எனவே காரை வாங்கியவர் முதலிற் கைவைப்பது, பேச்சு வழக்கிற் 'செற்' எனப்படும் இப்பெட்டியிலேயாம்.

நிலையங்கள் கேளாமைக்குக் காரணம் பெட்டியின் பழுதன்று. யப்பானில் எப்.எம். ஒலிபரப்புக்கு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டிருந்த மீடிறன்கள் 76 மெகாஹேட்ஸ் முதல் 90 வரையுள்ளனவாகும். 90 முதல் 108 வரையுள்ள பகுதியை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் கொண்டிருந்தன. அப்பழைய முறைத் தொலைக்காட்சி 2011, 2012ஆம் ஆண்டுகளில் நிறுத்தப்பட்ட பின்னர், 2014 தொடக்கம் 95 வரை வானொலிக்கு இடமளித்தனர். நமது நாட்டிலோ எப்.எம். ஒலிபரப்பு 87.5 முதல் 108 வரை அமைந்துள்ளது. ஆகவே பழைய யப்பானியப் பெட்டி நமது 20.5 மெகாஹேட்ஸ் பரப்பில் 2.5 அளவினையே கேட்கவல்லது.

இக்குறையைத் தீர்க்கப் 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' என்னுஞ் சிறு கருவியொன்று கடைகளில் விற்கப்படுகின்றது. வான்கம்பிக்கும் பெட்டிக்கும் இடையே பூட்டப்படும் இது, வரும் மீடிறனிலிருந்து ஒரு குறித்த அளவைக் கழித்து அனுப்பும். கழிக்கும் அளவு 16 எனின், 98.5இல் வரும் நிலையம் 82.5இற் கேட்கும். விலை மலிவு, ஆயினும் 14 மெகாஹேட்ஸ் அகலமுள்ள சாளரத்தினூடாக 20.5 அகலமுள்ள காட்சி முழுவதும் தெரியுமாறில்லை. ஏதோவொரு பகுதி விடுபட்டே தீரும். இதனை ஒரு தற்காலிக உபாயமாகக் கொள்வதன்றி முடிவான மருந்தாகக் கொள்ளல் இயலாது.

புதிய பெட்டியின் பருமனைக் குறித்து அதிகம் கூற வேண்டியதில்லை. உலக வழக்கில் அகலம் 180 மில்லிமீற்றர். உயரம் 50 அல்லது அதன் இரட்டிப்பான 100. ரொயோட்டா வண்டிகள் பலவற்றில் இடைவெளி 200 மில்லிமீற்றர் ஆதலின், இரு பக்கமும் பத்துப் பத்து மில்லிமீற்றர் நிரப்பும் பட்டிகள் வேண்டும். அமெரிக்காவுக்கெனச் செய்த பெட்டியாயின், அது 0.2 மெகாஹேட்ஸ் படிகளாகவே தாவிச்செல்லும். அமைப்பிலே பிரதேசத்தை மாற்றினாலன்றி இடையிலுள்ள நிலையங்கள் அகப்படா.

இடர் விளைவது கம்பிகளிலேயாம். கடையில் வாங்கும் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில், மஞ்சட்கம்பி பற்றறியிலிருந்து எந்நேரமும் மின்பெறுவது. சிவப்பு, திறப்பைத் திருப்பியபோது மாத்திரம் மின்பெறுவது. கறுப்பு, வண்டியின் உடலோடு சேரும் ஏர்த். பல ரொயோட்டா வண்டிகளில் இம்மூன்று தொழிலையும் முறையே மஞ்சட்கோடிட்ட நீலக்கம்பியும், சாம்பனிறக் கம்பியும், மண்ணிறக் கம்பியும் செய்கின்றன. அங்கே மஞ்சளும் கறுப்பும் இல்லாமலில்லை. அவை இடப்பக்கத்துப் பின் ஒலிபெருக்கிக்குரிய இணை. சிவப்பும் வெள்ளையும் வலப்பக்கத்துப் பின் ஒலிபெருக்கிக்குரியவை. ஆகவே நிறத்துக்கு நிறம் முடிந்தவர் பெட்டி உயிர்பெறாமையைக் காண்பர். அத்துடன் நின்றாற் கேடில்லை. அதன்பின், 'இதைத் தொட்டுப் பார்ப்போம், அதைத் தொட்டுப் பார்ப்போம்' என்று முயலும்போதுதான் ஒலிபெருக்கிக்கம்பி ஏர்த்தையோ பற்றறியையோ தொட்டு, பெட்டியின் விரியலாக்கி கருகுகின்றது.

நிறத்தை நம்பாது, கம்பி செய்யுந் தொழிலை அளந்தறிதலே தக்கது. மல்ரிமீற்றர் ஒன்றிருந்தாற் போதும். திறப்பை எடுத்தபின்னும் 12 உவோற்றுக் காட்டுவது நிலைமின்; திறப்பைத் திருப்பியதும் தோன்றுவது இரண்டாவது; விளக்கேற்றும்போது தோன்றுவது பெட்டியின் எழுத்துக்களை ஒளிரச்செய்வது. ஒலிபெருக்கியின் இணைக்கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 4 ஓம் தடை காணப்படும். அளந்தபின், இணைக்குமுன்னர், பற்றறியின் மறைமுனையைக் கழற்றுதல் வேண்டும். நேர்முனையை முதலிற் கழற்றுவோரின் சாவி வண்டியின் உடலிற் பட்டாற் பொறி பறக்கும்.

நிலைமின்னும் திறப்புமின்னும் இடம் மாறினால் பெட்டி வேலைசெய்யும். ஆனால் காரை நிறுத்துந்தோறும் நிலையங்களை மறந்துவிடும். எம் நண்பரொருவர் இதனைப் பெட்டியின் குற்றமெனக் கருதிக் கடைக்கே கொண்டுசென்று வாதிட்டார். இரு கம்பிகளை மாற்றிப் பூட்ட ஐந்து நிமிடமுஞ் செல்லவில்லை. இரண்டையும் நிலைமின்னோடு சேர்த்தாலோ, மறதியில்லை. பெட்டியை நிறுத்த மறந்துபோனவரின் பற்றறி மறுநாட் காலை வெறுமையாயிருக்கும்.

ஒலிபெருக்கிக் கம்பிகளுள் ஒன்றை வண்டியின் உடலிற் பூட்டும் வழக்கம் பழைய வேலையாட்களிடம் இன்னுங் காணப்படுகின்றது. முற்காலப் பெட்டிகள் சிலவற்றில் அது தகும். இக்காலத்து விரியலாக்கிகளோ ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குவன; இரு முனைகளும் ஓய்வுநிலையிற் பற்றறி அழுத்தத்தின் பாதியளவில் நிற்பன. ஆதலின் அவற்றுள் எதனையும் ஏர்த்தோடு சேர்த்தலாகாது.

இவ்விரட்டை இயக்கத்தாலும் பெறக்கூடிய வலுவுக்கு எல்லையுண்டு. அட்டைப்பெட்டியின் மேல் '50 உவாற்று, நான்கு வழி' எனப் பெரிதாக அச்சிட்டிருப்பர். இயந்திரம் ஓடும்போது பற்றறி அழுத்தத்தை 14.4 உவோற்று எனவும், ஒலிபெருக்கியின் தடையை 4 ஓம் எனவுங் கொள்வோம். 14.4இன் வர்க்கம் ஏறத்தாழ 207. அதனை 4ஆல் வகுக்க 52 வரும். இது அலை முழுவதுஞ் சதுரமாகி ஓசை சிதைந்தபின் கிடைப்பது. சிதையாத சைன் அலைக்கு அதிற் பாதியே, அதாவது 26, கோட்பாட்டெல்லை. உள்ளிழப்புப் போக 20 அளவிற் கிடைத்தால் நன்று. வண்டிக்குள் அமர்ந்து கேட்பவருக்கு அதுவே தாராளம். விளம்பர எண்ணைக் கண்டு கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பது எமது கருத்து.

வான்கம்பியையும் மறத்தலாகாது. பல வண்டிகளில் அதனடியிலே சிறு விரியலாக்கியொன்றுண்டு. பழைய பெட்டி அதற்கு மின்கொடுத்து வந்தது. புதிய பெட்டியின் நீலக்கம்பியை அதனோடு சேர்க்காவிட்டால் அருகிலுள்ள நிலையமும் இரைச்சலோடு வரும்; பெட்டியே மீண்டும் பழியேற்கும். சுக்கானிலுள்ள பொத்தான்களோ பெரும்பாலும் வெவ்வேறு தடைகளால் வேறுபடுத்தப்பட்டவை. பொத்தான்களைக் கற்கும் வசதியுள்ள பெட்டியாயின் ஒவ்வொன்றாக அழுத்திப் பயிற்றலாம்.

வண்டியின் கம்பியை வெட்டாது இணைக்கும் இடைச்செருகிகள், ரொயோட்டாவின் பத்து முனைக்கும் ஆறு முனைக்கும் உரியன, கடைகளிற் கிடைக்கின்றன. சிறு செலவில் அவற்றை வாங்கிப் பூட்டினோர் காரை விற்கும்போது பழைய பெட்டியை ஒரு மணி நேரத்தில் மீளவைக்கலாம். முகப்பை அழுத்தி மூடுமுன் நான்கு ஒலிபெருக்கிகளையும் தனித்தனி கேட்டுப்பார்க்க. கழற்றும்போது கூடவே விடுபட்ட குளிரூட்டி, அபாயவிளக்கு ஆகியவற்றின் செருகிகளையும் மீளப் பூட்டி ஒருமுறை இயக்கிப்பார்க்க.