கல்லுக்குப் பயந்து கால்ஷியத்தை விடலாமா?

“உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்துகொண்டாயிற்று. இனி ஆயுசு பூராவும் கால்ஷியம் மாத்திரை சாப்பிட வேண்டுமாம். நானோ இரண்டு தடவை சிறுநீரகக் கல் வந்து துடித்தவள். கல்லே கால்ஷியம்தானே? நாமே அதற்குத் தீனி போடலாமா?”

இப்படிக் கலங்குகிற பெண்கள் உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால் மாத்திரையைத் தூக்கி எறிவது அதைவிட ஆபத்து!

‘பைபாஸ்’ முறையில் இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டி உணவைத் திருப்பி விடுகிறார்கள். கால்ஷியம் நன்றாக உறிஞ்சப்படுவது அந்த முற்பகுதியில்தான். வரவு குறைந்தால் ரத்தம் சும்மா இருக்குமா? எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாளாக ஆக எலும்பு மெலிந்துவிடும்.

கல் எப்படி வருகிறது?

பெரும்பாலான கற்கள் கால்ஷியமும் ஆக்ஸலேட் என்ற உப்பும் சேர்ந்து உண்டாகிறவை. சாதாரணமாகக் குடலிலேயே இரண்டும் கைகோர்த்து மலத்தோடு போய்விடும். ஆபரேஷனுக்குப் பிறகு, ஜீரணமாகாத கொழுப்பு கால்ஷியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஜோடியில்லாத ஆக்ஸலேட் பெருங்குடல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வந்து கல்லாகிறது. ஆகவே, சாப்பாட்டோடு சேரும் கால்ஷியம் கல்லுக்கு நண்பனல்ல, காவல்காரன்!

இத்தாலியில் கல் தொல்லை இருந்த ஆண்களை ஐந்து வருஷம் கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கால்ஷியத்தைக் குறைத்தவர்களைவிட, அதை வழக்கம்போல் சாப்பிட்டு உப்பையும் மாமிசத்தையும் குறைத்தவர்களுக்கே கல் திரும்பி வருவது குறைவாயிருந்தது. அதே சமயம், மாதவிடாய் நின்ற அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், கால்ஷியமும் வைட்டமின் ‘டி’யும் மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்குக் கல் 17 சதவிகிதம் அதிகம். இவர்கள் ஆபரேஷன் ஆனவர்கள் அல்ல. என்றாலும், மாத்திரையை இஷ்டப்படி விழுங்கக்கூடாது என்பது தெரிகிறதல்லவா?

எதை, எப்போது, எவ்வளவு?

கால்ஷியம் கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும். பைபாஸ் ஆனவர்களுக்கு அது குறைவு. கால்ஷியம் ஸிட்ரேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சிறுநீரில் சேரும் ஸிட்ரேட் கல் உண்டாவதையும் தடுக்கும். விலை சற்று அதிகம்தான்.

பைபாஸ் ஆனவர்களுக்கு உணவும் மாத்திரையுமாகச் சேர்த்து நாளைக்கு 1200 முதல் 1500 மில்லி கிராம் தேவை. ஒரு டம்ளர் (200 மில்லி) பாலில் ஏறக்குறைய 240 மில்லி கிராம் கிடைக்கும். பாக்கியைத்தான் மாத்திரை ஈடுசெய்ய வேண்டும். ஒரே வேளையில் 500 – 600 மில்லி கிராமுக்கு மேல் வேண்டாம். பிரித்து, சாப்பாட்டோடு போடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

இவையும் கவனம்

* சிறுநீர் நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக்கூடாது. சிறிய வயிறு மடக்மடக்கென்று குடிக்க விடாது. வாய் வாயாக நாள் முழுவதும் குடியுங்கள்.
* பாலக் கீரை, பீட்ரூட், பாதாம் இவற்றில் ஆக்ஸலேட் அதிகம். அளவோடு சாப்பிடுங்கள்.
* ஊறுகாய், அப்பளம், வற்றலைக் குறையுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்ஷியமும் கூடும்.
* வைட்டமின் ‘ஸி’ மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். மிஞ்சினால் அது ஆக்ஸலேட்டாக மாறும்.

முன்பே கல் வந்தவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பரிசோதித்தால் கால்ஷியம், ஆக்ஸலேட், ஸிட்ரேட் மூன்றின் கணக்கும் தெரிந்துவிடும். ரத்தத்தில் வைட்டமின் ‘டி’யையும் பார்த்து, உங்களுக்கு வேண்டிய அளவை அவர் சொல்லட்டும். எலும்பும் வேண்டும், சிறுநீரகமும் வேண்டும். ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றைப் பறிகொடுப்பானேன்?