குண்டூரில் நன்றி எடுத்த வடிவம்

மிஷன் மருத்துவமனை என்றதும் ‘மருந்தைக் காட்டி மதம் மாற்றினார்கள்’ என்ற குற்றச்சாட்டு எழும். அதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. காத்திருக்கும் நோயாளிகளுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அங்கெல்லாம் வழக்கம்தான். ஆனால் ஆந்திரத்தின் குண்டூர் கதை அந்தக் குற்றச்சாட்டுக்குள் அடங்காது. அமெரிக்க லுத்தரன் சபை 1883-இல் அன்னா கூக்லரை அனுப்பியது. அவர் மருத்துவர், சபை அவருக்குக் கொடுத்ததோ பெண்களுக்குக் கற்பிக்கும் வேலை. மருத்துவத் தேவையை அவரே சபைக்கு உணர்த்த வேண்டியிருந்தது. ஆண் மருத்துவரிடம் போகாத பெண்களுக்கு அவர் தேவைப்பட்டார். மருத்துவமனை திறக்க 1898 ஆயிற்று.

நற்செயலால் மீட்பைச் சம்பாதிக்க முடியாது, இலவசமாகப் பெற்ற அருளுக்கு அது நன்றி மட்டுமே என்பது அந்தச் சபை பின்பற்றிய லுத்தரின் போதனை. அப்படியானால் சிகிச்சையும் அந்த நன்றிதான், நோயாளி பதிலுக்கு எதுவும் கொடுக்கக் கடன்பட்டவரல்லர். அவர் நன்றி எந்த வடிவமும் எடுக்கலாம். சிகிச்சையால் நெகிழ்ந்த ஏலூர் ராஜா, நோயாளிகளின் உறவினர் தங்க மருத்துவமனைக்கு எதிரே சத்திரம் கட்டிக் கொடுத்தார். சத்திரம் கட்டுவது நம் ஊர் தர்மம், லுத்தரன் சடங்கல்ல. நன்றி சொல்ல மதம் மாற வேண்டியதில்லை என்பதற்கு இது போதும். கூக்லர் 1930-இல் குண்டூரிலேயே காலமானார். மருத்துவமனை அவர் பெயராலேயே அறியப்படுகிறது.