நோய்க்கு எண் எழுதும் தொழில்



மருத்துவமனை வேலை என்றதும் நம் தோட்டத்துப் பெற்றோரின் நினைவுக்கு வருபவர்கள் டாக்டரும் தாதியும்தாம். வயதில் மூத்தவர்கள் பழைய தோட்ட ஆஸ்பத்திரி டிரஸரையும் சேர்த்துக்கொள்வார்கள். டாக்டர் படிப்புக்கு எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. இரத்தத்தைக் கண்டால் மயங்கும் பிள்ளைக்குத் தாதி வேலை ஒத்துவராது. அப்படியானால் மருத்துவமனையின் கதவு நம் பிள்ளைகளுக்கு அடைத்தே கிடக்கிறதா? இல்லை. வெள்ளைச் சட்டை அணியாமல், ஊசி பிடிக்காமல், அந்தக் கட்டடத்துக்குள் நடக்கும் ஒரு முக்கியமான தொழிலைப் பற்றி இன்று நாம் தெரிந்துகொள்வோம். நோய்க்குக் குறியீட்டு எண் எழுதுவதும், சிகிச்சைக்குக் கணக்குப் போடுவதுமே அந்தத் தொழில்.

தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் நமக்குப் புதிதன்று. யார் பெரட்டுக்கு வந்தார், எந்த நிரையில் மரம் வெட்டினார், எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்பதெல்லாம் அதில் ஏறும். ஒரு கோடு தவறினால் சம்பள நாளன்று ஒரு குடும்பம் வாடும். மருத்துவமனைக்கும் அத்தகைய செக்ரோல் உண்டு. நோயாளி வீடு திரும்பும்போது டாக்டர் ஒரு சுருக்கக் குறிப்பு எழுதுகிறார். என்ன நோய், என்ன சோதனை, என்ன சிகிச்சை என்பவை அதில் இருக்கும். அதைப் படித்து ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் பதிவு செய்பவரே குறியீட்டாளர். அந்தப் பதிவையும் மற்றச் செலவு விவரங்களையும் கொண்டு கட்டணப் பட்டியல் தயாரிப்பவர் பில் கிராணி.

பெயரையே எழுதினால் போதாதா, எண் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரே நோயை ஒருவர் 'இனிப்புநீர்' என்பார். இன்னொருவர் 'சர்க்கரை வியாதி' என்பார். மலாயில் 'கெஞ்சிங் மானிஸ்' என்பார்கள். எண் ஒன்றாக இருந்தால் ஈப்போவிலும் ஜெனீவாவிலும் ஒரே பொருள்தான். இந்த எண்ணம் பழையது. 1662ஆம் ஆண்டிலேயே ஜான் கிராண்ட் என்பவர் லண்டன் நகரின் மரணப் பட்டியல்களை ஆராய்ந்து நூல் எழுதினார். 1893ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஜாக் பெர்ட்டியோன் மரணக் காரணங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வகுத்தார். 1948இல் வந்த ஆறாவது திருத்தம் முதல் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பேணி வருகிறது. அதன் பெயர் ஐ.சி.டி. நம் நாட்டு மருத்துவமனைகளில் நன்கு பழகியது பத்தாவது திருத்தம். பதினோராவது திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பாம்பு கடித்துவிடுகிறது. அவருக்கு ஏற்கனவே இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. பத்தாவது திருத்தத்தின்படி, பாம்பு நஞ்சுக்கு 'டி 63.0' என்ற எண். இரண்டாம் வகை இனிப்புநீருக்கு 'இ 11'. இரத்தக் கொதிப்புக்கு 'ஐ 10'. இவற்றுள் எது முதலில் வரவேண்டும்? எந்தக் காரணத்துக்காக அவருக்கு முக்கியமாகச் சிகிச்சை நடந்ததோ அதுவே முதல் எண். மற்றவை பின்னால் வரும். அத்தோடு காயம் எப்படி நேர்ந்தது என்பதற்கும் தனி எண் உண்டு. 'எக்ஸ் 20' என்றால் நச்சுப் பாம்பு. அதன் பின் புள்ளி வைத்து 7 போட்டால் பண்ணை அல்லது தோட்ட நிலத்தில் நேர்ந்தது என்று பொருள். அதே இடத்தில் 0 போட்டால் வீட்டில் நேர்ந்தது என்றாகிவிடும். ஓர் இலக்கம் எத்தனை பெரிய பொருளைத் தாங்குகிறது, பாருங்கள்! வேலையிடத்தில் அடிபட்டவர் சொக்சோ உதவி கேட்கும்போது, எங்கே, எப்படி நடந்தது என்று மருத்துவமனையில் பதிவான விவரம் அவருக்குத் துணை நிற்கும். ஆகவே டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் முழுதும் சொல்லவேண்டியது நம் கடமை.

எண்ணிக்கை உயிரையும் காக்கும். 1901இல் கிள்ளானில் பொறுப்பேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சல் எந்தப் பகுதிகளில் மிகுதி என்று கணக்கெடுத்தார், சதுப்பு நிலங்களை வடியவைக்கச் செய்தார், காய்ச்சல் குறைந்தது. பின்னர் அந்த முறை இரப்பர்த் தோட்டங்களுக்கும் பரவியது. இன்று டெங்கிக்கும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்கும் அதே நியாயம்தான். வெறும் 'காய்ச்சல்' என்று எழுதி மூடிவிட்டால், எந்த வட்டாரத்துக்கு உதவி தேவை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்கள் வெளிநோயாளர் பிரிவில் 1 வெள்ளியும், நிபுணரைக் காண 5 வெள்ளியும் கட்டுகிறோம். மீதிச் செலவை அரசாங்கம் ஏற்கிறது. எந்த நோய்க்கு எவ்வளவு செலவாகிறது என்பதை அது எப்படி அறியும்? குறியீட்டு எண்களால்தான். ஒத்த நோய்களையும் ஒத்த செலவுகளையும் ஒரே தொகுதியாகச் சேர்க்கும் 'கேஸ்மிக்ஸ்' முறையை மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 2002இல் தொடங்கியது. பிறகு சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளுக்கும் அது வந்தது. தனியார் மருத்துவமனைகளிலும் இவ்வழியில் கட்டணம் வகுக்கும் திட்டத்தை அமைச்சு 2025இல் அறிவித்தது. ஆகவே இவ்வேலை தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கும்.

தனியார் மருத்துவமனையில் கணக்கு இன்னும் சிக்கலானது. டாக்டரின் கட்டணத்துக்கு 2006ஆம் ஆண்டின் விதிகளில் உச்சவரம்பு உண்டு. அறை, மருந்து, கருவிகளின் விலை தனி. காப்புறுதி உள்ளவர் என்றால், நிறுவனத்திடமிருந்து உத்தரவாதக் கடிதம் வரவேண்டும். நோயின் பெயர் ஒன்றும் எண் வேறொன்றுமாக இருந்தால் கடிதம் தாமதமாகும். நோயாளி குணமாகியும் வீட்டுக்குப் போக முடியாமல் காத்திருப்பார். கூடுதல் பணம் பெறுவதற்காக நோயைப் பெரிதாக்கி எண் எழுதுவதோ மோசடி. நேர்மை இல்லாதவருக்கு இந்த நாற்காலி ஆகாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தை நுண்ணிய தகவலாகக் கருதுகிறது. அடுத்த வீட்டுக்காரரின் கோப்பில் கண்டதைத் தாயிடம்கூடச் சொல்லக்கூடாது.

இத்தொழிலுக்கு எப்படித் தயாராவது? ஜெலாப்பாங், சிலிபின், செம்மோர் வட்டாரப் பிள்ளைகளுக்கு ஈப்போ தொலைவன்று. அங்கே ராஜா பெர்மைசூரி பைனுன் பெரிய மருத்துவமனையும் பல தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. எஸ்.பி.எம். தேர்வில் தேசிய மொழி, ஆங்கிலம், அறிவியல் மூன்றும் நன்றாக இருக்கவேண்டும். உயிரியல் படித்திருந்தால் இன்னும் நல்லது. பதிவு முகப்பிலோ கோப்பு அறையிலோ சாதாரணக் கிராணியாகச் சேர்ந்து, வேலையோடு வேலையாகக் கற்று மேலே வரலாம். அரசாங்க வேலைக்குப் பொதுச்சேவை ஆணையத்தின் வழி மனுச் செய்யவேண்டும்.

மருத்துவச் சொற்களைக் கண்டு அஞ்சவேண்டாம். அவை பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் துண்டுகளை ஒட்டியவை. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்தல். ஆகவே 'அப்பெண்டிசைட்டிஸ்' குடல்வால் அழற்சி. 'அப்பெண்டிசெக்டமி' அதை அகற்றும் அறுவை. நாளுக்கு ஐந்து சொல் என்று எழுதிப் படித்தால், ஓராண்டில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் சேர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி நகரங்களில் ஏராளமான பட்டதாரிகள் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இவ்வேலையைச் செய்கிறார்கள். அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் நாள் பத்தாவது திருத்தத்துக்கு மாறியபோது, நோய் எண்கள் சுமார் 14,000இலிருந்து 68,000க்கும் மேலாகப் பெருகின. வேலையும் பெருகியது. ஆனால் அங்குள்ள சான்றிதழ்கள் அமெரிக்க விதிகளுக்கு உரியவை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நம் அரசாங்க மருத்துவமனையில் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. 'மூன்றே மாதம், வீட்டிலிருந்தே டாலர் சம்பளம்' என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. சேமநிதிப் பணத்தையோ தாலிக்கொடியையோ அங்கே கொண்டுபோய்க் கொட்டுமுன், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கணினி இவ்வேலையைப் பறித்துவிடாதா என்றும் சிலர் கேட்கலாம். எளிய எண்களைக் கணினி தானே எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் குறிப்பு தெளிவில்லாதபோது டாக்டரிடம் கேட்டுத் திருத்தவும், கணினி தந்தது சரியா என்று பார்க்கவும் படித்த மனிதர் வேண்டும். எனவே எண்ணை மனப்பாடம் செய்தவரைவிட நோயைப் புரிந்துகொண்டவரே நிலைப்பார்.

நேயர்களே, அழகாக எழுதி, கவனமாகக் கணக்குப் பார்த்து, வாய்காக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை அறிவியல் வகுப்பிலிருந்து விலக்காதீர்கள். ஆங்கிலத்தைப் பாதியில் விடச் சம்மதிக்காதீர்கள். பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவர்களோடு அமர்ந்து, வீட்டில் இருக்கும் பழைய மருத்துவமனைப் பில் ஒன்றை எடுத்து வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.