கரண்ட் போனால் போனும் போகும்: லேண்ட்லைன் இடத்தை பிடிக்கும் இண்டர்நெட் போன்

சென்னை,

ஒரு காலத்தில் வீட்டில் டெலிபோன் இருந்தால் அது பெரிய கவுரவம். கூடத்தில் ஸ்டூல் போட்டு, மேலே துணி விரித்து, யாரும் எடுத்து பேசிவிடக்கூடாது என்று டயலுக்கு பூட்டு போட்டு வைத்திருந்த வீடுகள் உண்டு. இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் முகத்தை பார்த்தே பேசலாம். தனியாக பைசா செலவு கிடையாது. ‘இனிமே லேண்ட்லைன் எதுக்குங்க?’ என்று பலரும் இணைப்பை சரண்டர் செய்து விட்டார்கள்.

ஆனால் பலருக்கு தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. இண்டர்நெட்டுக்கு பைபர் கேபிள் இழுத்து, ‘கூடவே லேண்ட்லைனும் உண்டு’ என்று ஒரு போனை மாட்டிவிட்டு போகிறார்களே, அது பழைய லேண்ட்லைன் இல்லை. பார்க்க அதே மாதிரி இருக்கும். 044, 0452 என்று அதே ஊர் நம்பர்தான் வரும். ஆனால் உள்ளுக்குள் அது இண்டர்நெட் போன். வீட்டில் கரண்ட் போனால் அதுவும் ஊமையாகி விடும்.

ராத்திரி நேரத்தில் வீட்டில் பெரியவருக்கு நெஞ்சு வலி வந்து 108-ஐ கூப்பிடும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும். அதற்கு முன்பே தெரிந்து கொள்வது நல்லது.

பழைய போன் பேசியது எப்படி?

சென்னைக்கு டெலிபோன் வந்தது 1882-ம் ஆண்டு. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் ஆகிய நகரங்களில் அந்த ஆண்டு எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது.

அதன் பிறகு 100 ஆண்டுகளுக்கும் மேலாக அடிப்படை மாறவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடி செம்பு கம்பி வரும். நீங்கள் பேசி முடித்து ரிசீவரை வைக்கும் வரை உங்கள் பேச்சுக்கு என்று ஒரு பாதை தனியாக ஒதுக்கப்படும். சென்னையில் இருந்து மதுரைக்கு ஒரு காரை முழுசாக வாடகைக்கு எடுப்பது மாதிரி. உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை உண்டு. அதனால்தான் தூரம் கூடக்கூட பில்லும் எகிறியது.

இதில் ஒரு பெரிய வசதி இருந்தது. போன் வேலை செய்ய தேவையான கரண்டும் அதே கம்பியில் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வந்தது. சுமார் 48 வோல்ட். எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் இருக்கும். தெருவே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் ‘ர்ர்ர்’ என்று டயல் டோன் கேட்கும். (கார்ட்லெஸ் போன் மட்டும் விதிவிலக்கு. அதற்கு வீட்டு கரண்ட் வேண்டும்.)

பொட்டலமாக போகும் குரல்

இண்டர்நெட் போனில் தனிப்பாதை கிடையாது. உங்கள் குரலை கம்ப்யூட்டர் கணக்காக மாற்றி, சின்ன சின்ன துண்டாக நறுக்கி விடுகிறார்கள். பொதுவாக 1 விநாடி பேச்சு 50 பொட்டலம் ஆகிறது. ஒவ்வொன்றிலும் போகவேண்டிய முகவரி, வரிசை நம்பர் எல்லாம் இருக்கும்.

ஊரெல்லாம் பார்க்கும் சினிமா, அனுப்பும் போட்டோ போகிற அதே ரோட்டில் இந்த பொட்டலங்களும் சேர்ந்து ஓடும். அந்த பக்கம் போய் வரிசையாக அடுக்கி மறுபடியும் குரலாக மாற்றுகிறார்கள். காரை வாடகைக்கு எடுக்காமல், போகிற பஸ்சில் பார்சல் ஏற்றி விடுவது போல. அதனால் செலவு குறைவு. சேலத்துக்கு பேசினாலும் சிகாகோவுக்கு பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ரோட்டில் நெரிசல் ஏற்பட்டால் சில பொட்டலம் லேட்டாகும். சில காணாமல் போகும். பேச்சு நடுவில் ‘ஹலோ... ஹலோ... கேக்குதா?’ என்று கத்துவதற்கு காரணம் இதுதான்.

மஞ்சள் பெட்டி காலம்

நம்பரை சுற்றி நேரடியாக வெளியூருக்கு பேசும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதலில் வந்தது 1960-ல், லக்னோ - கான்பூர் இடையே. 1980-களின் கடைசியில் மூலை முடுக்கெல்லாம் எஸ்.டி.டி. பூத் முளைத்தது. மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அதுவே பிழைப்பானது. ராத்திரியில் கட்டணம் குறையும் என்று காத்திருந்து, மீட்டர் ஓடுவதை பார்த்துக்கொண்டே அவசர அவசரமாக பேசிய காலம் அது.

1995 ஜூலை 31-ந்தேதி நாட்டின் முதல் செல்போன் பேச்சு நடந்தது. மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அதே ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தது. இரண்டும் சேர்ந்து லேண்ட்லைனுக்கு குழி தோண்டும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

இண்டர்நெட் வழியாக பேச இந்தியாவில் 2002 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அனுமதி கிடைத்தது. 2003-ல் ஸ்கைப் வந்தது. பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு பேசினார்கள். 2015-ல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி பரவியது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் கூலி வேலைக்கு போகிறவர் கையிலும் இண்டர்நெட் போன் வந்துவிட்டது. வழி காட்டிய ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. இந்த வேகத்தில் பழசு ஆவது லேண்ட்லைன் மட்டும் அல்ல.

4 கோடி 2 கோடி ஆனது

2006-ம் ஆண்டு வாக்கில் நாட்டில் லேண்ட்லைன் இணைப்புகள் 4 கோடியை தாண்டி இருந்தன. 2020-ல் அது சுமார் 2 கோடியாக பாதிக்கு பாதி குறைந்தது.

செல்போன் மட்டுமே காரணம் அல்ல. ரோடு தோண்டும்போது கேபிள் அறுந்தது. மழையில் தண்ணீர் புகுந்து கம்பி அரித்துப்போனது. செம்பு விலை ஏற ஏற கேபிள் திருட்டும் நடந்தது. ரிப்பேர் பார்க்கவும் ஆள் குறைந்தது. 2020 ஜனவரி கடைசியில் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78 ஆயிரத்துக்கும் அதிகமானோர் விருப்ப ஓய்வில் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள்.

அதன் பிறகுதான் வேடிக்கை. செத்து விட்டதாக நினைத்த லேண்ட்லைன் எண்ணிக்கை மறுபடியும் ஏறி, 2023-ல் 3 கோடியை தாண்டியது. 2022 ஆகஸ்டில் ஜியோ இதில் பி.எஸ்.என்.எல்.லை முந்தியது. தனியார் கம்பெனி ஒன்று லேண்ட்லைனில் அரசு நிறுவனத்தை முந்தியது அதுவே முதல் முறை. ஆனால் திரும்பி வந்தது செம்பு கம்பி அல்ல. கண்ணாடி இழை பைபர். பெயர் லேண்ட்லைன், ஆள் வேறு.

கரண்ட் போனால்...

பைபரில் ஓடுவது வெளிச்சம். போனை இயக்கும் கரண்ட் அதில் வராது. சுவரில் மாட்டியிருக்கும் அந்த சின்ன பெட்டிக்கு வீட்டு கரண்ட் வேண்டும். அது அணைந்தால் இண்டர்நெட்டும் இல்லை, போனும் இல்லை.

‘அதான் செல்போன் இருக்கே’ என்று சொல்லலாம். சாதாரண நாளில் சரி. 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் டெல்டா மாவட்டங்களை புரட்டி போட்டபோது பல கிராமங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்கள் முடங்கின. சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடி ஜனங்கள் அலைந்தார்கள்.

பழைய செம்பு கம்பியும் சாகாவரம் பெற்றது அல்ல. மரம் விழுந்தால் அறுந்து போகும். எக்ஸ்சேஞ்சில் வெள்ளம் புகுந்தால் நின்று போகும். ஆனால் வீட்டில் கரண்ட் போனது என்பதற்காக மட்டும் அது நிற்காது.

இங்கிலாந்து கற்ற பாடம்

இங்கிலாந்தில் பழைய டெலிபோன் முறையை மொத்தமாக மூட முடிவு செய்தார்கள். முதலில் 2025 டிசம்பர் என்று கெடு வைத்தார்கள். அங்கே தனியாக வசிக்கும் முதியோர், நோயாளிகள் லட்சக்கணக்கானோர் உதவி கேட்கும் பட்டனை கழுத்தில் மாட்டி இருப்பார்கள். அமுக்கினால் டெலிபோன் லைன் வழியாக உதவி மையத்துக்கு தகவல் போகும்.

இண்டர்நெட் போனுக்கு மாற்றியதும் சிலருடைய பட்டன் வேலை செய்யவில்லை. பிரச்சினை பெரிதானதால் 2023 டிசம்பரில் கட்டாய மாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. கெடுவும் 2027 ஜனவரிக்கு தள்ளிப்போனது. வேறு போன் வசதி இல்லாதவர்களுக்கு, கரண்ட் போனாலும் 1 மணி நேரமாவது அவசர உதவிக்கு பேச கம்பெனியே வழி செய்ய வேண்டும் என்று அங்கு விதி இருக்கிறது.

நம் ஊரில் நம் வீட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 108 கிடைக்காது

வாட்ஸ்அப் பேச்சும், பைபர் பெட்டியில் மாட்டிய போனும் இரண்டுமே இண்டர்நெட் போன்தான். ஆனால் ஒன்று இல்லை. பைபர் போனில் இருந்து 108, 112 எல்லாவற்றுக்கும் பேசலாம். வாட்ஸ்அப்பில் இருந்து ஆம்புலன்சையோ போலீசையோ அந்த நம்பரில் கூப்பிட முடியாது. சாதாரண லேண்ட்லைன் நம்பருக்கும் அதில் பேச முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளிநாட்டில் இருந்து இண்டர்நெட் வழியாக பேசிக்கொண்டே, நம் ஊர் நம்பர் தெரிவது போல காட்டி ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. ‘போலீஸ் பேசுறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணி இருக்கோம்’ என்று மிரட்டி பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணத்தை இழந்தால் உடனே 1930 என்ற நம்பருக்கு புகார் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

லேண்ட்லைன் வைத்திருப்பவர்களும், பைபருக்கு மாறப்போகிறவர்களும் கவனிக்க வேண்டியவை:

* வீட்டில் வயதானவர்கள், நோயாளிகள் இருந்தால் பைபர் பெட்டிக்கு சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி மாட்டுங்கள். கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் பெட்டியையும் சேர்க்க சொல்லுங்கள்.

* மாட்டிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். மெயினை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்து பாருங்கள். டயல் டோன் வந்தால் சரி.

* பழைய நம்பர் முக்கியம் என்றால் அவசரப்பட்டு சரண்டர் செய்யாதீர்கள். பி.எஸ்.என்.எல். பைபருக்கு மாறும்போது அதே நம்பர் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். செல்போனில் கம்பெனி மாறினாலும் நம்பரை கொண்டு போவது போல லேண்ட்லைனில் முடியாது.

* சரண்டர் செய்தால் டெபாசிட் பணத்தை கேட்டு வாங்குங்கள். பாக்கி பில் போக மீதி உங்கள் பணம்.

* லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்கு பேச 2021 ஜனவரி 15-ந்தேதி முதல் நம்பருக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் ‘போன் ரிப்பேர்’ என்று நினைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றபோது நாடே கடைசி தந்தி கொடுக்க வரிசையில் நின்றது. செம்பு கம்பி போனுக்கு அப்படி ஒரு கடைசி நாள் வருமா என்று தெரியாது. தெருத்தெருவாக, வீடு வீடாக சத்தம் இல்லாமல் அது விடைபெற்று வருகிறது. புது போன் மலிவு, முகம் பார்த்து பேசலாம், எல்லாம் சரி. ஆனால் எக்ஸ்சேஞ்ச் பேட்டரி பார்த்த வேலையை இனி நம் வீட்டு பேட்டரிதான் பார்க்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.