வீட்டில் பழைய துவக்கு இருந்தால் என்ன செய்வது?

நீண்ட காலத்துக்குப் பின் வீடு திரும்பும் குடும்பங்கள் முதலில் பார்ப்பவை கூரை, கிணறு, காணி உறுதி. வீட்டைத் துப்புரவாக்கும்போது சில இடங்களில் இன்னொன்றும் அகப்படுகிறது. பரணிலோ அலுமாரிக்குப் பின்னாலோ அப்பாவின் அல்லது தாத்தாவின் பழைய துவக்கு இருக்கும். குண்டசாலைப் பகுதியில் இது புதுமையல்ல. மகாவலிக் கரையோரத் தோட்டங்களுக்குக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் வருவதால், பயிர் காவலுக்கென்று அனுமதி பெற்றுத் துவக்கு வைத்திருந்தவர்கள் இங்கு உண்டு.

துவக்கு இருக்கும் செய்தி வெளியே போனால், "எனக்குத் தாருங்கள், காசு தருகிறேன்" என்று யாராவது வருவார். தகரம் வாங்கவே காசில்லாத நேரத்தில் அது பெரிய உதவியாகத் தோன்றும். அந்தக் காசை வாங்கும் முன் இந்தப் பக்கங்களை வாசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் துவக்குகளைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996இல் செய்யப்பட்ட திருத்தம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கை வைத்திருப்பது குற்றம். அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவருக்கு அதை விற்பதும் கொடுப்பதும் குற்றம். தானியங்கித் துவக்கு என்றால் தண்டனை ஆயுட்காலச் சிறை வரை போகும்.

மூன்று விடயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது. காணியைப் போல அது பிள்ளைகளுக்கு இறங்காது. அப்பாவின் பெயரில் இருந்த அனுமதி உங்களுக்குச் செல்லாது.

இரண்டாவது, அது ஓர் ஆண்டுக்கு மட்டுமே. வரும் ஆண்டுக்கான புதுப்பித்தலை வழக்கமாக ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை செய்துகொள்ள வேண்டும். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்த அனுமதி காலாவதியாகியிருக்கும்.

மூன்றாவது, துவக்கு கைமாறினாலும் பதிவேட்டில் பெயர் மாறாது. நீங்கள் விற்ற துவக்கினால் நாளை ஒரு கொள்ளையோ கொலையோ நடந்தால், பொலிஸார் அதன் இலக்கத்தைப் பார்த்து முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். வாங்கியவர் அப்போது உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

வெளிநாட்டில் விற்கிறார்களே?

அமெரிக்காவில் இருக்கும் உறவினர், "இங்கே துவக்கைப் பார்சலில் அனுப்பியே விற்கிறார்கள்" என்று சொல்லக்கூடும். அது பாதி உண்மை. அங்கே தனியாள் ஒருவர் வேறு மாநிலத்தவருக்குத் துவக்கு விற்றால், அதை வாங்குபவரின் வீட்டுக்கு நேரே அனுப்ப முடியாது. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் ஊடாகவே அது போக வேண்டும். அந்த வியாபாரி துவக்கைத் தன் பதிவேட்டில் ஏற்றுவார். வாங்குபவர் படிவம் நிரப்ப வேண்டும், அவருடைய பின்னணி சோதிக்கப்படும். அதன் பிறகுதான் துவக்கு அவர் கைக்கு வரும். அதாவது, அங்கேயும் இரண்டு கைகளுக்கு நடுவில் ஒரு பதிவேடு இருக்கிறது.

இலங்கையில் அந்தப் பதிவேடு அரசின் கையில் உள்ளது. தற்பாதுகாப்புக்கான துவக்குகளுக்குப் பாதுகாப்பு அமைச்சும், பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குகளுக்கு மாவட்டச் செயலகமும், அதாவது கச்சேரியும், பொறுப்பு. அரசு இதில் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: தற்பாதுகாப்புக்கென்று தனியாட்களுக்கு வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7க்குள் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அனுமதி உள்ளவர்களே வெலிசறைக் கடற்படை முகாமில் உள்ள பிரிவில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே துவக்கையோ தோட்டாக்களையோ தபாலிலோ கூரியரிலோ பஸ்ஸிலோ அனுப்பாதீர்கள். முகநூலில் படம் போட்டு விலை பேசாதீர்கள். துண்டு துண்டாகக் கழற்றி விற்றால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் நிலைமை எது?

1. துவக்கு குடும்பத்தவர் ஒருவருடையது, பழைய அனுமதிப்பத்திரம் இருக்கிறது.
உரிமையாளர் உயிரோடு இருந்தால், அவரே பொலிஸ் நிலையத்துக்கும் கச்சேரிக்கும் சென்று அனுமதி காலாவதியான காரணத்தைச் சொல்லட்டும். இடம்பெயர்ந்திருந்ததற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் உதவும். உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், பழைய அனுமதிப்பத்திரம், உங்கள் தேசிய அடையாள அட்டை ஆகியவற்றோடு செல்லுங்கள். துவக்கு உங்களுக்கு உண்மையாகவே தேவையென்றால் உங்கள் பெயரில் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். தேவையில்லையென்றால் ஒப்படைத்துவிடலாம். எதுவானாலும் முடிவு வரும்வரை துவக்கு உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

2. அனுமதிப்பத்திரம் இல்லை, அல்லது துவக்கு யாருடையது என்று தெரியாது.
தொடாதீர்கள், துடைக்காதீர்கள், விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். பழைய துவக்கில் தோட்டா இருக்கலாம். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, மெனிக்ஹின்ன, பலகொல்ல போன்ற உங்கள் பிரிவுப் பொலிஸ் நிலையத்துக்கோ 119க்கோ அறிவியுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு வீதியில் போகாதீர்கள். வழியில் சோதனையில் அகப்பட்டால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதை நிரூபிப்பது கடினம். கைக்குண்டு, ஷெல், புதைந்த கம்பி என எது கண்ணில் பட்டாலும் இதே முறைதான்.

3. அனுமதிப்பத்திரம் இருக்கிறது, துவக்கைக் காணவில்லை.
1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் நடந்த கிளர்ச்சிகளின்போது மலையகத்திலும் தெற்கிலும் பல வீடுகளில் துவக்குகள் பறிக்கப்பட்டன. வேறு சில துவக்குகள் வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் களவு போயின. காணாமற்போனது எப்போது தெரிந்ததோ அப்போதே முறைப்பாடு செய்யுங்கள். அந்த முறைப்பாட்டின் பிரதியே நாளை உங்களைக் காப்பாற்றும்.

4. காட்டு விலங்குத் தொல்லைக்குத் துவக்கு வேண்டும்.
கிராம உத்தியோகத்தர், குண்டசாலைப் பிரதேச செயலகம், பொலிஸ் ஆகியவற்றின் ஊடாகக் கச்சேரிக்கு விண்ணப்பிக்கலாம். இடையில் கட்டுத்துவக்கு வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கில் மனிதர்கள் கால் இழந்ததும் உயிர் இழந்ததும் இந்த நாட்டில் பல தடவை நடந்திருக்கிறது. புல் வெட்டப் போகும் உங்கள் வீட்டுப் பெண்ணும் அதே ஒற்றையடிப் பாதையில்தான் நடப்பார்.

சொல்லப் பயமாக இருக்கிறதா?

பயம் நியாயமானது. "துவக்கு இருக்கிறது" என்று பொலிஸில் சொன்னால் நம்மையே பிடித்து அடைப்பார்களோ என்ற எண்ணம், 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உறவினர்கள் உள்ளே போனதைக் கண்ட குடும்பங்களுக்கு எளிதில் போகாது. ஆனால் மறைத்து வைத்த துவக்கு தேடுதலில் அகப்படுவதற்கும், நீங்களாகவே அறிவித்து அது எடுக்கப்படுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பொதுமன்னிப்பு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2020 பெப்ரவரியில் சட்டவிரோதத் துவக்குகளை ஒப்படைக்கக் கொடுத்த பொதுமன்னிப்புக் காலம் ஒரு வாரம்தான்.

தனியாகப் போகாதீர்கள். கிராம உத்தியோகத்தரையோ மதகுருவையோ ஊரில் மதிப்புள்ள ஒருவரையோ அழைத்துச் செல்லுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் வைக்காதீர்கள். ஒப்படைத்த திகதி, துவக்கின் இலக்கம், பொறுப்பேற்ற உத்தியோகத்தரின் பெயர் ஆகியவை உள்ள பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

சிக்கல் வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தை நாடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. எங்கள் கள அலுவலரிடமும் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்துக்கு உங்களோடு வருவதும் அவருடைய வேலைதான்.